நாற்காலி காலியாக இருந்த நாற்பத்தொரு நிமிடம்

அந்த வணிக வளாகத்தில் அவரை எல்லோரும் நாப்பத்தெட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் நாற்பத்தெட்டு கேமராத் திரைகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அது மேனேஜருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

பன்னிரண்டு வருடம் மனிதர்களை மேலேயிருந்தே பார்த்தவருக்கு அவர்கள்மேல் மரியாதை வருவது கஷ்டம். இலவசமாக வாசனைத் திரவியம் அடித்துவிடும் கடையில் சட்டை மாற்றி மாற்றி மூன்று தடவை போய் நிற்கும் கனவான்களை அவர் பார்த்திருக்கிறார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, குழந்தைக்கு அடியில் ஷாம்பு பாட்டில் வைத்து உருட்டிக்கொண்டு போகும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறார். லிஃப்டில் யாரும் இல்லையென்று மூக்கைக் குடைந்துவிட்டு, வெளியே வந்ததும் அதே கையால் அடுத்தவர் கையைப் பிடித்துக் குலுக்குபவர்களுக்குக் கணக்கே இல்லை. "ஜனங்களைத் தெரிஞ்சுக்கணும்னா முகத்தைப் பார்க்காதே, உச்சந்தலையைப் பாரு" என்று மனைவியிடம் சொல்வார். "என் உச்சந்தலையை நீங்க பார்க்க வேண்டாம், எண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்பாள் அவள்.

அவருடைய அறை மூன்றாவது மாடியில், முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம். நாற்காலியைப் போட்டபின் மிச்சமிருப்பது ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்குமளவுதான். சட்டென்று எழுந்தால் பின்மண்டை ஒயர்ப் பெட்டியில் இடிக்கும். மேசைமேல் ஒரு பச்சைப் பொத்தான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் மேனேஜரின் கைப்பேசியில் சைரன் அலறும். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டாராம். எவனோ ஒருவன் தூங்கியதற்காக அடுத்து வருகிற அத்தனை பேரும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவெடுத்த மண்டை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் அடிக்கடி யோசிப்பார். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் மாற்றாள் வருவார். அவசரத்துக்குப் போவதென்றால் போன் போட்டு, அந்த மாற்றாள் மாடி ஏறி வரும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றாவது வயதில் ஒருநாள் காலை அவருடைய இடதுகால் ஷூவுக்குள் போக மறுத்தது. வலதுகால் போயிற்று. "தூங்கறப்ப சுளுக்கியிருக்கும்" என்று மச்சான் தைலம் போட்டுத் தேய்த்துவிட்டார். தேய்க்கவே கூடாதது அது என்று பிறகுதான் தெரிந்தது. காலில் உறைந்திருந்த ரத்தக்கட்டி பிய்ந்து மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்தது. பிழைத்தது பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, பொறுமைசாலி, பன்னிரண்டு வாரம் இடைவெளிவிட்டு இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம். முழ நீளப் பெயர். வாயில் நுழைய அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

"உங்க உடம்புல காவலுக்குன்னு ஒரு படை இருக்கு. கிருமி வந்தா அடிக்கிறது அதோட வேலை. உங்களுக்கு அது உங்களையே எதிரின்னு நினைச்சுக்குது. அதனால ரத்தம் கண்ட இடத்துல கட்டியா உறையுது."

"வேலியே பயிரை மேயுதுன்னு சொல்றீங்க."

"அதேதான்."

"எங்க செக்யூரிட்டி ஏஜென்சி மாதிரின்னா எனக்குச் சட்டுன்னு புரிஞ்சிருக்கும் டாக்டர்."

ஆயுசுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கீரையை ஒருநாள் கட்டுக்கட்டாகவும் ஒருநாள் சுத்தமாக இல்லாமலும் சாப்பிடக் கூடாது, மாத்திரையின் அளவு தாறுமாறாகிவிடும். மச்சான் இதைக் கேட்ட மறுநாளே, "ரத்தம் ஊறட்டும்" என்று நாலு கட்டுக் கீரையோடு வந்து நின்றார். ரத்தம் என்று யார் சொன்னாலும் கீரை என்று புரிந்துகொள்ளும் ஜாதி அவர். கடைசியாக டாக்டரம்மா சொன்னதுதான் முக்கியம். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காரக் கூடாது. மணிக்கு ஒருதரம் எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். அதைக் கடிதமாகவும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர் ஒரு வருடம் அலைந்தார். மேனேஜருக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரையும் பிரதர் என்பார், யாராவது ஏதாவது கேட்கும்வரை. கேட்டுவிட்டால் மிஸ்டர்.

"அஞ்சு நிமிஷம்தானேன்னு நீங்க ஈசியா சொல்றீங்க மிஸ்டர். ஒரு நாளைக்கு ஒரு மணிநேரம் ஆகுது. நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேட்பார்."

"கேட்கணும்னா அவருக்கும் இந்த நோய் வரணுமே சார்."

"வராதுன்னு என்ன நிச்சயம்?"

கடிதம் கோப்புக்குள் போயிற்று. கோப்பு அலமாரிக்குள் போயிற்று. அவர் இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு, மேசைக்கடியில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் கால் கனத்தது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனதும் மனைவி முதலில் அவருடைய இரண்டு கெண்டைக்காலையும் துணி அளக்கும் டேப்பால் அளந்து பார்ப்பாள். அளந்து முடிக்கும்வரை இருவரும் பேச மாட்டார்கள்.

அப்போதுதான் சேவைச் சங்கம் வந்து சேர்ந்தது.

வளாகத்தின் முதலாளி வீட்டு அம்மாவும் அவருடைய சிநேகிதிகளும் நடத்தும் சங்கம். மாதம் ஒரு நோய். போன மாதம் சிறுநீரகம், அதற்கு முந்தி கண். இந்தத் தடவை, "வேற எந்தச் சங்கமும் தொடாத நோயாப் பாருங்க" என்று தலைவியம்மா உத்தரவு போட்டிருக்கிறார். மேனேஜருக்குச் சட்டென்று அந்த அலமாரிக் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வருடமாகக் கண்ணில் படாத கடிதம் அன்றைக்கு எப்படித்தான் தகதகத்ததோ.

"பிரதர், உங்க நோய்க்குத்தான் விழா எடுக்கிறோம்" என்று வாயெல்லாம் பல்லாக வந்தார். "தரைத்தளத்துல மேடை. நீங்க சும்மா மேடையில உட்கார்ந்தா போதும். மூணு மணிநேரம்."

"உட்காரக் கூடாதுங்கிறதுதான் சார் நோயே."

"சேர் நல்ல சேர் பிரதர். குஷன் வெச்சது."

"அந்த அஞ்சு நிமிஷத்தை எழுதிக் கொடுங்க சார். மேடையில தலைகீழா வேணாலும் நிக்கிறேன்."

"அது பாலிசி மிஸ்டர்" என்று மேனேஜர் போய்விட்டார்.

விழா நாளில் பதினேழாம் நம்பர் திரையில் முழு வேடிக்கையும் தெரிந்தது. தூணுக்குத் தூண் சிவப்பு பலூன். வந்தவர் போனவர் நெஞ்சிலெல்லாம் சிவப்பு ரிப்பன். அவர் வர மறுத்ததால் ஆளில்லாமல் போகவில்லை. ஐஸ்கிரீம் கடைக்காரரைப் பிடித்து மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த மனிதர் கல்லுக்குண்டு, தும்மல்கூட வந்ததில்லை. அவர் தலையைச் சுற்றிப் பெரிய கட்டுப்போட்டு, கட்டின்மேல் சிவப்பு மையும் தடவியிருந்தார்கள். ரத்தம் உள்ளே உறைகிற நோய்க்கு மண்டையில் கட்டு! நாப்பத்தெட்டுக்குச் சிரிப்பதா, எழுந்துபோய் அறைவதா என்று தெரியவில்லை. பொத்தானை அமுக்கினார். ரத்தத்தைப் பற்றி ஒரு நடனம் நடந்தது. செல்ஃபி எடுக்கத் தனி அட்டைச் சட்டகம் வைத்திருந்தார்கள், அதில்தான் கூட்டம் அதிகம். அறிகுறிகள் அச்சடித்த நோட்டீஸை வாங்கியவர்கள் எட்டடி தள்ளியிருந்த குப்பைத் தொட்டிவரை அதைப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். அதை ஒன்பதாம் நம்பர் திரை காட்டியது.

முப்பத்தொன்றாம் நம்பர் திரை அடித்தளத்து வாகன நிறுத்தம். அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டில் பார்க்கிங் டிக்கெட் கொடுக்கும் பெண் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் பன்னிரண்டு மணிநேரம். கழிவறை இரண்டு மாடி மேலே என்பதால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும் திரை அவருக்குக் காட்டியிருந்தது. இரண்டு நாளாக அவள் குனிந்து குனிந்து இடது கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள். இன்று ஒரு கால் செருப்புக்குள் இருந்தது, ஒரு கால் வெளியே இருந்தது. காலையிலேயே அவருக்குத் தன் காலுக்குள் போக மறுத்த ஷூ ஞாபகம் வந்தது. இவரிடமோ அவளிடமோ அடுத்தவர் நம்பர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்றால், மாற்றாளை விழாவுக்குக் கயிறு பிடிக்க அனுப்பிவிட்டார்கள். சரி, ஒன்பது மணிக்கு இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அவ்வளவு திரையைப் பார்த்து எல்லோரையும் எள்ளி நகையாடுகிறவர், தன் காலில் நடந்ததையே இன்னொரு காலில் பார்த்துவிட்டு, வேலை முடியட்டும் என்று இருந்தார். இதற்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

ஐந்தேகாலுக்கு அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். விழா முடியும் முன்பே கிளம்பியவர்களின் கார்கள் கூண்டுக்குமுன் வரிசை கட்டியிருந்தன. தடுப்புக்கட்டை இறங்கியே இருந்தது. முதல் காரிலிருந்தவர் தலையை நீட்டிக் கத்துவது தெரிந்தது.

அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். "அடித்தளத்துக்கு யாராவது போங்க! டிக்கெட் கூண்டுல பொண்ணுக்கு மூச்சு வரலை!"

"விஐபி கிளம்பறாங்க, எல்லாரும் லைன்ல நிக்கிறோம். அப்புறம் பேசுப்பா" என்றது மறுமுனை.

அவர் எழுந்தார். பின்மண்டை ஒயர்ப் பெட்டியில் நன்றாகவே இடித்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மனிதருக்கு அது விளையாட்டில்லை. தடவிப் பார்க்கக்கூட நிற்காமல் படி வழியாக மூன்று மாடியும், அதற்கடியில் இன்னொன்றும் இறங்கினார். லிஃப்டில் பலூன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே மேடையில், 'நோயாளிகளுக்குத் தோள் கொடுப்போம்' என்று மேனேஜர் உறுதிமொழி வாசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டைப் பையில் சைரன் அலறியது. கூட்டம் அதை நிகழ்ச்சியின் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டியதாம்.

கூண்டுக் கதவைத் திறந்தபோது அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. இடதுகால் வலதுகாலைப்போல ஒன்றரை மடங்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். விழாக் கூட்டத்தால் ரோடே அடைத்துக் கிடக்கிறது, அரைமணி ஆகும் என்றார்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. முதல் காரிலிருந்து ஒரு பெரிய மனிதர் இறங்கி வந்தார். நெஞ்சில் ரிப்பன்.

"எவ்வளவு நேரம்யா நிக்கிறது? கேட்டைத் திற!"

"இந்தப் பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். கால்ல கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கு. நீங்க இப்பக் கேட்டுட்டு வந்தீங்களே, அதே சமாசாரம்."

"எனக்கு மீட்டிங் இருக்கு. கேட்டைத் திறன்னா!"

நாப்பத்தெட்டு தடுப்புக்கட்டையின் சுவிட்சுக்குக் குறுக்கே நின்றார். "இவங்களை ஏத்திக்கிற வண்டிக்குத்தான் கேட் திறக்கும். ஏத்தலைன்னா எல்லாரும் இங்கயே இருப்போம். எனக்கு அவசரம் இல்லை."

பின்னாலிருந்த முப்பது காரும் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஒருவருக்கும் இறங்கி வந்து பார்க்கத் தோன்றவில்லை. பெரிய மனிதர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பின்கதவைத் திறந்துவிட்டார். அதை இரக்கம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

அவள் பிழைத்தாள். இன்னும் கால்மணி போயிருந்தால் கஷ்டம் என்றார் அதே டாக்டரம்மா. இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளில் படம் வந்தது: விழிப்புணர்வு விழாவில் கேட்ட அறிவுரையால் உடனே உணர்ந்து ஓர் உயிரைக் காத்த தொழிலதிபர், சேவைச் சங்கத் தலைவியிடமிருந்து கேடயம் பெறுகிறார். நாப்பத்தெட்டுக்கு அன்றைக்கு வந்தது மெமோ. பணிநேரத்தில் நாற்காலி நாற்பத்தொரு நிமிடம் காலியாக இருந்தது ஏன்?

மூன்றாம் நாள் அவளைப் பார்க்கப் போனபோது வார்டு வராந்தாவில் மேனேஜர் நின்றிருந்தார். கையில் பூங்கொத்து, அக்குளில் கோப்பு.

"பிரதர்! உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். மெமோவைக் கிழிச்சுடலாம். நாளையிலிருந்து மணிக்கு அஞ்சு நிமிஷம் உங்களுக்கு. ஒரு சைன் மட்டும்."

தாளை வாங்கிப் படித்தார். போன வருடத்திலிருந்தே தனக்கு மணிக்கு ஐந்து நிமிட நடை அனுமதி நிர்வாகத்தால் தாராளமாக வழங்கப்பட்டு வருகிறது என்றும், அன்றும் அந்த அனுமதியில்தான் கீழே போனதாகவும் எழுதியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் அவளிடமும் இவரிடமும் பேச வரப்போகிறார்கள் என்று காற்று வாக்கில் செய்தி வந்திருக்கிறது, வேறென்ன.

அவர் தூ என்று துப்பியிருக்க வேண்டும். ஆனால் மாத்திரை நினைவுக்கு வந்தது, மாதாமாதப் பரிசோதனை நினைவுக்கு வந்தது, ராத்திரி டேப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். மேனேஜர் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தாள் கோப்புக்குள் போயிற்று. பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் உச்சந்தலையைப் பார்த்துச் சிரித்தவருக்குத் தன்னுடையதை யாரோ மேலேயிருந்து பார்ப்பதுபோல் கூசியது.

"அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு இருக்கு. நீங்க சொன்னா கேட்கும், வாங்க" என்று மேனேஜர் உள்ளே நடந்தார்.

அவள் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்தாள். வலது கையில் ஊசி. மேனேஜர் பூங்கொத்தை அவள் வயிற்றின்மேல் வைத்துவிட்டு, தாளை நாப்பத்தெட்டின் கையில் கொடுத்தார். பேனா இன்னும் இவரிடமே இருந்தது.

"நல்லாயிருக்கியாம்மா?"

"இருக்கேன் அண்ணே. டாக்டரம்மா, கரு ஏதாவது கலைஞ்சிருக்கான்னு கேட்டாங்க. ரெண்டு தடவைன்னேன். இதே நோயா இருக்கலாமாம், பன்னண்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாம். எங்க மாமியார் என் ராசின்னுதான் சொன்னாங்க. கால் வீங்கும், கரு கலையும்னு அந்த நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சாமே?"

"போட்டிருந்துச்சும்மா."

"காலையிலிருந்து ஒவ்வொரு காருக்கும் டிக்கெட்டோட அதைத்தான் கொடுத்தேன். ஆயிரம் தாள் இருக்கும். வேலை நேரத்துல எதையும் படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. படிக்கலை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இது என்ன தாள் அண்ணே? எனக்குக் கண்ணு சுத்துது. இதையாவது படிச்சுச் சொல்லுங்க."

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா" என்றார் மேனேஜர்.

நாப்பத்தெட்டு படித்தார். வார்டில் இருந்த பதினான்கு கட்டிலுக்கும் கேட்கும்படியாகப் படித்தார். "எனக்குக் கால்வலி இருப்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. விடுப்பும் கேட்கவில்லை."

"ஐயோ, மூணு நாளா லீவு கேட்டேனே அண்ணே!" என்றாள் அவள். "விழிப்புணர்வு நாள் முடியட்டும்னு சார்தான் சொன்னாரு."

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். மேனேஜர் செருமினார்.

"உங்ககிட்டயும் ஏதாவது எழுதி வாங்கினாங்களா?" என்று நாப்பத்தெட்டைக் கேட்டாள் அந்தப் பெண்.

"வாங்கினாங்க."

"என்ன பண்ணீங்க?"

"போட்டுட்டேம்மா" என்றார். "இப்பத்தான். வெளிய நின்னு."

அவள் வயிற்றின்மேலிருந்த பூங்கொத்தை இடது கையால் ஒதுக்கித் தள்ளினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மருந்து வைக்கிற மேசையை இழுத்து அதன்மேல் விரித்தார்.

"சொல்லும்மா. எந்தெந்த நாள் லீவு கேட்டே, யார்கிட்ட கேட்டே. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் எழுதினார். அதற்குக் கீழே தன்னுடையதையும் எழுதினார்: ஐந்து நிமிடத்தை எத்தனை தடவை கேட்டார், என்ன பதில் வந்தது, கடிதம் எந்த அலமாரியில் இருக்கிறது, சற்றுமுன் வராந்தாவில் எதில் கையெழுத்துப் போட்டார் என்பதுவரை.

"மிஸ்டர், அது என் பேனா" என்றார் மேனேஜர்.

"இன்னும் ரெண்டு வரிதான் சார்" என்று அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.